ஐந்து முதல் எட்டாம் வகுப்பு வரை: எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைகளின் படிப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரளத்தின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலைத் தோட்டங்களிலும், பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்திலும் பத்து வயது தாண்டிய தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரே சமயத்தில் இரண்டு மாற்றம் வருகிறது. உடம்பு மாறுகிறது, பள்ளியில் மொழியும் மாறுகிறது. முதலாவது கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது தெரியாது. அதனால் பிள்ளைக்கு வருகிற எல்லாச் சிக்கலையும் 'வயசு' என்கிற ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம். ஆந்திரத்தின் நகரி, சத்தியவேடு, குப்பம் பக்கத்துக் குடும்பங்களும் இதைப் படிக்கலாம். மலையாளம் என்று வரும் இடத்தில் பெரும்பாலும் தெலுங்கு என்று வைத்துக்கொண்டால் போதும்.

நடுநிலை வகுப்பு என்றால் எது? இங்கே ஒரு கணக்கு, எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் கம்பத்தில் ஒரு கணக்கு சொல்கிறார்களே?

கேரளத்தில் ஒன்று முதல் நான்கு எல்.பி. (தொடக்கநிலை), ஐந்து முதல் ஏழு யூ.பி. (உயர் தொடக்கநிலை), எட்டிலிருந்து ஹைஸ்கூல். தமிழ்நாட்டில் ஆறு முதல் எட்டு. 2009 கல்வி உரிமைச் சட்டமும் 2020 தேசியக் கல்விக் கொள்கையும் ஆறு முதல் எட்டு என்றே பிரிக்கின்றன. பெயர் எதுவானாலும் பேச்சு பத்து முதல் பதினான்கு வயது பற்றியது. எல்லை தாண்டிப் பள்ளி மாறுகிறவர்களுக்கு மட்டும் இந்த வித்தியாசம் உறைக்கும். அதைக் கடைசியில் பார்ப்போம்.

இந்த வயதில் பிள்ளைக்குள் என்னதான் நடக்கிறது?

பெண் பிள்ளைகள் பத்து, பதினொன்றில் திடீரென்று வளரத் தொடங்குவார்கள். ஆண் பிள்ளைகளுக்கு அது ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து வரும். ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் ஒரு 'அக்கா'வும் ஒரு 'குட்டிப் பையனும்' உட்கார்ந்திருப்பது இதனால்தான். உணர்ச்சியைத் தூண்டும் மூளைப் பகுதிகள் சீக்கிரம் சூடுபிடிக்கின்றன. யோசித்து நிறுத்தும் முன்பகுதி முதிர இருபத்தைந்து வயதுகூட ஆகும். சக வயதுக்காரர் முன்னால் சிறுத்துப் போவது இந்த வயதில் ஏறக்குறைய உடம்பு வலி மாதிரி வலிக்கும்.

அதே நேரத்தில் 'இப்படி இருந்தால் என்ன ஆகும்' என்று கற்பனையாக யோசிக்கும் திறனும், நியாயம் அநியாயம் பேசும் வேகமும் இப்போதுதான் வருகின்றன. எதிர்த்துப் பேசுவதில் பாதி இந்தப் புதிய கருவியைப் பழகிப் பார்ப்பதுதான். அதைப் பாடத்துக்குள் இழுத்துவிட வேண்டும். அடக்கினால் அது வகுப்பின் பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நாலாம் வகுப்பு வரை நன்றாகப் படித்தவன், ஆறில் மந்தமாகிவிட்டான். வயசுக் கோளாறா?

முதலில் வாசிப்பைச் சோதியுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இன்னும் நடத்தாத பக்கம் ஒன்றை எடுத்து, 100 சொற்கள் வரும் அளவுக்குப் பென்சிலால் கோடு போடுங்கள். பிள்ளையைத் தனியாக உட்காரவைத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தவறாக வாசித்தவை, விட்டவை, சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தவை எல்லாவற்றையும் எண்ணுங்கள். ஐந்துக்குள் என்றால் தானே படித்துக்கொள்வான். ஐந்து முதல் பத்து என்றால் ஆசிரியர் துணையோடு ஓடும். பத்தைத் தாண்டினால் அந்தப் புத்தகம் அவனுக்குச் சுவர். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு நான்கு கேள்வி கேளுங்கள்: இரண்டு நேரடியாக உள்ளவை, ஒன்று 'ஏன்' கேள்வி, ஒன்று ஒரு சொல்லின் பொருள். பதிலைத் தமிழில் சொல்லட்டும்.

இதையே அவனது நான்காம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலும் செய்யுங்கள். தமிழில் சரளம், பாட மொழியில் தடுமாற்றம் என்றால் பிரச்சினை மொழி. இரண்டிலும் தடுமாற்றம் என்றால் எழுத்துக் கூட்டும் நிலையிலேயே ஏதோ விட்டுப்போயிருக்கிறது. அதற்குத் தினம் இருபது நிமிடத் தனிப் பயிற்சி வேண்டும், டியூஷன் சரிப்படாது. இரண்டிலும் சரளமாக வாசித்தும் பொருள் சொல்லத் தெரியவில்லை என்றால் சொல்வளக் குறை. சில எழுத்துகள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தால், அல்லது புத்தகத்தை முகத்தருகே கொண்டுபோனால், முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். இந்த வயதில் உயரம் கூடும்போது கிட்டப்பார்வையும் சேர்ந்து வருவது சகஜம். கரும்பலகை தெரியாத பிள்ளை அதை வாய்விட்டுச் சொல்லாது, பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதும்.

ஏன் நாலாம் வகுப்பு வரை தெரியவில்லை? அதுவரை வாசிக்கக் கற்றார்கள், கதையும் பாட்டும் போதும். ஐந்திலிருந்து வாசித்துக் கற்க வேண்டும். ஒளிச்சேர்க்கை, அரசியலமைப்பு, விகிதம் எல்லாம் புத்தகத்திலிருந்துதான் வரும்.

தமிழ் மீடியத்திலேயே வைப்பதா, மாற்றுவதா?

கேரளத்தில் பத்தாம் வகுப்பு வரை தமிழில் பாடப்புத்தகம் அச்சாகிறது. எஸ்.எஸ்.எல்.சி. வினாத்தாளும் தமிழில் கிடைக்கும். ஆகவே 'தமிழ் மீடியத்தில் மேலே வழியில்லை' என்பது பத்தாம் வகுப்பு வரைக்கும் உண்மையில்லை. அருகில் தமிழ் மீடியம் ஹைஸ்கூல் இருக்கிறதா, ஒவ்வொரு பாடத்துக்கும் ஆசிரியர் இருக்கிறாரா என்பதே விசாரிக்க வேண்டிய விஷயம். புத்தகம் இருந்து ஆள் இல்லாவிட்டால் பலனில்லை.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஐந்தாம் வகுப்பின் தொடக்கத்தில் மாற்றுங்கள். ஏழிலும் எட்டிலும் மாற்றுவது மோசமான காலம். விளையாட்டு மைதானத்து மலையாளமோ ஆங்கிலமோ ஓரிரு வருடத்தில் வந்துவிடும். பாடப்புத்தக மொழிக்கு ஐந்து முதல் ஏழு வருடம் பிடிக்கும். 'நல்லாப் பேசுறானே, ஏன் எழுத மாட்டேங்கிறான்' என்று பெற்றோர் திகைப்பது இந்த இடைவெளியில்தான். மீடியம் மாறிய பிறகு வீட்டில் தமிழ் வாசிப்பை நிறுத்திவிடுவது அடுத்த தவறு. ஒரு கருத்து தமிழில் ஏற்கெனவே புரிந்திருந்தால், புதிய மொழியில் சொல்லை மட்டும் கற்றால் போதும். தமிழும் போய்விட்டால் கருத்தையும் சொல்லையும் சேர்த்துத் தூக்க வேண்டும்.

ஒரு 80 பக்க நோட்டை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் பாட மொழிச் சொல், வலப்பக்கம் தமிழ், கீழே அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம். நாளுக்கு ஐந்து சொல், அதற்கு மேல் வேண்டாம். வெள்ளிக்கிழமை பத்தைக் கேளுங்கள், அதில் மூன்று சென்ற மாதத்துச் சொல்லாக இருக்கட்டும்.

மலையாளமும் தமிழும் பக்கத்து மொழிதானே, தானாக வந்துவிடாதா?

பக்கத்து மொழி என்பதாலேயே சில குழி உண்டு. 'அவசரம்' தமிழில் வேகம், மலையாளத்தில் வாய்ப்பு, தெலுங்கில் தேவை. 'சம்சாரம்' நமக்கு மனைவி, மலையாளத்தில் பேச்சு, தெலுங்கில் குடும்பம். 'உபன்யாசம்' நமக்குக் கோயில் சொற்பொழிவு, மலையாளத் தேர்வில் கட்டுரை. உபன்யாசம் எழுது என்ற கேள்வியைப் பார்த்துத் திருதிருவென்று விழிக்கும் பிள்ளைக்குப் பாடம் தெரியாமல் இல்லை.

எழுத்திலும் ஒரு சிக்கல். தமிழின் க, ச, ட, த, ப என்ற ஐந்து எழுத்துக்கு மலையாளத்திலும் தெலுங்கிலும் நான்கு நான்காக இருபது எழுத்து. தமிழ்ப் பிள்ளை காதில் வித்தியாசம் விழாமல் முதல் எழுத்தையே எல்லா இடத்திலும் போட்டுவிடும். சிவப்பு மையால் சுழித்துக்கொண்டே போனால் திருந்தாது. வாரம் ஒரு வரிசை என எடுத்துக்கொண்டு, உள்ளங்கையை வாய்க்கு முன் பிடித்து மூச்சு அடிக்கிறதா என்றும், தொண்டையில் விரல் வைத்து அதிர்கிறதா என்றும் பார்க்கவைத்துச் சொல்லிக்கொடுத்தால் ஐந்து வாரத்தில் காது பழகிவிடும்.

நல்ல செய்தியும் உண்டு. சுற்றளவு, பரப்பளவு, சராசரி மூன்றும் மலையாளத்தில் அப்படியேதான். தெலுங்கிலும் சராசரி சராசரிதான். வகுப்பின் முதல் வாரத்தில் இப்படிப் பொதுவான சொற்களைப் பிள்ளைகளையே தேடவையுங்கள்.

கணக்கில் எங்கே உடைகிறார்கள்?

பின்னத்தில், எதிர்ம எண்ணில், விகிதத்தில். இந்த மூன்றும் ஆடினால் எட்டாம் வகுப்பு இயற்கணிதம் நிற்காது.

மூன்றில் ஒன்றோடு நான்கில் ஒன்றைக் கூட்டி ஏழில் இரண்டு என்று எழுதுவார்கள். தப்பு என்று அடிக்காமல், 12 செ.மீ. நீளத்தில் காகிதப் பட்டை வெட்டிக் கொடுங்கள். மூன்றில் ஒன்று 4 செ.மீ., நான்கில் ஒன்று 3 செ.மீ., சேர்த்தால் 7, ஆக பன்னிரண்டில் ஏழு. பிறகு கேளுங்கள்: நீ சொன்ன ஏழில் இரண்டு, கையில் ஏற்கெனவே இருந்த மூன்றில் ஒன்றைவிடச் சின்னதாகிவிட்டதே, கூட்டினால் குறையுமா? இந்தக் கேள்விதான் பாடம்.

எதிர்ம எண்ணுக்கு மூணாறின் ஜனவரிக் காலையைவிட நல்ல உதாரணம் வேண்டாம். காலை மைனஸ் 1, பத்து மணிக்கு 9 என்றால் எவ்வளவு ஏறியது? பாதி வகுப்பு எட்டு என்னும். சுவரில் வெப்பமானி படம் வரைந்து விரலால் ஏறச் சொல்லுங்கள்.

விகிதத்துக்கு வீட்டிலேயே சரக்கு இருக்கிறது. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலைத்தூள். அம்மா 27 கிலோ பறித்தால் தூள் எவ்வளவு? மறையூர்ப் பக்கம் கரும்பு 100 கிலோவுக்கு வெல்லம் ஏறத்தாழ 10 கிலோ. ஏலக்காய் காய்ந்தால் எடை நாலில், ஐந்தில் ஒரு பங்காகிவிடும். இப்படிக் கணக்குப் போடும்போது அந்தப் பிள்ளைக்கு ஆசிரியரைவிட விஷயம் தெரிந்திருக்கும். அது நடக்க விடுங்கள்.

40 நிமிட வகுப்பை எப்படிப் பிரிப்பது?

தொடக்கத்தில் ஐந்து நிமிடம், சென்ற வாரத்துப் பாடத்திலிருந்து இரண்டு கேள்வி, நோட்டில் எழுத்தாக. அடுத்துப் பத்து நிமிடம் ஆசிரியர் விளக்கம். பிறகு பதினைந்து நிமிடம் இருவர் இருவராக வேலை. கடைசியில் ஒரு துண்டுக் காகிதத்தில் ஒரு வரிப் பதில், வாங்கிவைத்துக்கொள்ள. மீதி, வகுப்பு அடங்குவதற்குப் போய்விடும்.

ஜோடி வேலை அரட்டையாவதற்குக் காரணம் பெரும்பாலும் வேலையில் முடிவு இல்லாததுதான். 'கலந்து பேசுங்கள்' என்றால் சினிமாதான் பேசுவார்கள். ஜோடிக்கு ஒரே தாள், ஒரே பேனா கொடுத்து, ஏழு நிமிடத்தில் பேனாவைக் கை மாற்றச் சொல்லுங்கள். முதலில் தமிழில் பேசித் தெளியட்டும், எழுதுவது பாட மொழியில். 'வகுப்பில் தமிழ் பேசாதே' என்கிற கட்டளை அரட்டையைக் குறைக்காது, யோசனையைத்தான் குறைக்கும்.

பாடத்துக்கு ஒரு சார், ஒரு டீச்சர் என்று ஆனபின், பிள்ளையை முழுசாக யார் பார்ப்பது?

எல்லாவற்றிலும் இதுதான் முக்கியமான கேள்வி. எல்.பி.யில் ஒரு டீச்சருக்கு ஒரு பிள்ளையின் முழு நாளும் தெரியும். யூ.பி.யில் ஏழு பேர் ஆளுக்கு ஒரு துண்டைப் பார்க்கிறார்கள். வகுப்பாசிரியர் இருக்கிறார், ஆனால் அவர் கையில் வருகைப் பதிவேடும் ஐம்பது சுற்றறிக்கையும்.

செய்யக்கூடியது இது. விளையாட்டு ஆசிரியர், மொழியாசிரியர், தலைமையாசிரியர் உட்பட எல்லோருக்கும் பிள்ளைகளைப் பிரித்து, ஆளுக்குப் பதினைந்துக்குள் கொடுங்கள். வாரம் இரண்டு முறை, இருபது நிமிடம், வட்டமாக உட்கார்ந்து. விளையாட்டுப் பீரியடிலிருந்து இந்த நேரத்தை எடுக்காதீர்கள், முதல் நாளே வெறுத்துவிடுவார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் நோட்டில் ஒரு பக்கம்: வீட்டில் பேசும் மொழி, மாலையில் வீட்டில் இருக்கும் பெரியவர், லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து) வர எவ்வளவு நேரம், நடையா ஜீப்பா, யாரோடு உட்கார்கிறது, எதில் கெட்டி. 'எதில் கெட்டி' காலியாக இருக்கக் கூடாது. ஆடு மேய்ப்பதும் ஜீப் என்ஜின் சத்தத்தை வைத்து யாருடையது என்று சொல்வதும்கூடக் கெட்டித்தனம்தான்.

இது ஒரு மாதத்தில் செத்துப்போகும் விதங்களும் தெரிந்தவையே. நேரம் அறிவுரைக் கூட்டமாகிவிடும், அல்லது சிலபஸ் முடிக்கும் கூடுதல் வகுப்பாகிவிடும், அல்லது பாதி வருடத்தில் ஆள் மாறிவிடும். ஓணத் தேர்வு முடிந்ததும் தலைமையாசிரியர் ஒரு சோதனை வைக்கலாம். எல்லாப் பெயரும் உள்ள தாளைக் கொடுத்து, 'பாடம் தவிர இந்தப் பிள்ளையிடம் கடைசியாக என்ன பேசினீர்கள்' என்று ஒவ்வோர் ஆசிரியரையும் எழுதச் சொல்லுங்கள். எந்தப் பெயருக்கு எதிரே எல்லாத் தாளிலும் வெறுமையோ, அந்தப் பிள்ளைதான் நாளைக்குப் பள்ளியை விட்டு நிற்கக்கூடியது.

அடிக்காமல் எப்படிச் சமாளிப்பது?

அடியும் மனத்தைப் புண்படுத்துவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் தடை. சட்டத்தை விடுங்கள், வேலைக்கும் ஆகாது. எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கிய பிள்ளைக்கு இரண்டே வழி: அழுவது, இல்லை வீரனாவது. இரண்டாவதைத்தான் எடுக்கும்.

பக்கத்தில் போய், குரலைத் தாழ்த்தி, செய்ய வேண்டியதை மட்டும் சொல்லிவிட்டு விலகி வாருங்கள். பக்கத்திலேயே நின்றால் மானப் போட்டியாகிவிடும். மற்ற பேச்சு மணி அடித்தபின், தனியாக: என்ன நடந்தது, யாருக்கு என்ன ஆனது, எப்படிச் சரிசெய்வாய். 'ஏன் செய்தாய்' என்று தொடங்காதீர்கள், பெரும்பாலும் அவனுக்கே தெரியாது. ஒருவன் தப்புக்கு வகுப்பு முழுவதையும் தண்டிப்பது இந்த வயதில் நியாய உணர்வை நேராகக் குத்தும். சாதி, லயம், தமிழரைச் சொல்லும் 'பாண்டி' என்ற கேலி இவற்றை மட்டும் மணி அடிக்கும்வரை விடாமல் அந்த நொடியிலேயே நிறுத்த வேண்டும்.

பிள்ளை உடம்பில் காயமோ, யாரையாவது கண்டால் பயமோ தெரிந்தால் நீங்களே விசாரணை நடத்தாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைக்கலாம். பாலியல் குற்றம் என்று தெரிந்தால் 2012 போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆக வேண்டும், மறைப்பதும் குற்றம்.

வயதுக்கு வருவது பற்றிப் பள்ளி எப்போது பேச வேண்டும்?

ஐந்தாம் வகுப்பில், நடப்பதற்கு முன்னால். கழிப்பறையில் தண்ணீர், உள்தாழ்ப்பாள், மூடியுள்ள குப்பைக்கூடை, அலுவலகத்தில் கேட்காமலே எடுக்கக்கூடிய இடத்தில் நாப்கின், ஒரு மாற்றுப் பாவாடை. நான்கு முதல் ஆறு மணிநேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதால் மதிய இடைவேளை போதுமான நீளம் இருக்க வேண்டும். சடங்கு முடிந்து பிள்ளை பள்ளிக்கு வர எத்தனை நாள் ஆகிறது என்று பதிவேட்டைப் பாருங்கள். ஒரு வாரத்துக்கு மேல் என்றால் வீட்டுக்கு ஒரு டீச்சர் போய்வர வேண்டும். ஆண் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள், கேலி பாதி குறையும்.

வாராவாரம் கொடுக்கும் நீல மாத்திரையை வாங்கிக் கீழே போடுகிறார்கள். என்ன செய்வது?

அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் அடுத்த வாரம் யாரும் தொட மாட்டார்கள். ஆகவே மதியச் சோற்றுக்குப் பிறகு, ஆசிரியர் முன்னால். அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணிநேரம் தேநீர் கூடாது, தேநீர் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தேயிலை நாட்டில் இதைச் சொல்லியே ஆக வேண்டும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். குடற்புழு மாத்திரை வருடம் இரண்டு முறை. மதிய உணவில் ஆறு முதல் எட்டு வகுப்புக்கு 150 கிராம் அரிசி, 30 கிராம் பருப்பு, 75 கிராம் காய்கறி கணக்கு. முதல் ஐந்து வகுப்புக்கு அரிசி 100 கிராம்தான். ஒரே கரண்டியால் எல்லோருக்கும் போட்டால் பெரிய பிள்ளைகள் பசியோடு எழுந்திருப்பார்கள்.

காலையில் எழுப்பவே முடியவில்லை.

இந்த வயதில் தூக்கம் வரும் நேரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது, சோம்பல் என்று சொல்லாதீர்கள். பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணிநேரம், பதின்மூன்றுக்கு மேல் 8 முதல் 10. கொழுந்துக்குப் போகிற வீட்டில் ஐந்தரைக்கு எழ வேண்டியிருந்தால் எட்டரைக்குள் படுக்க வேண்டும். இரவில் போன் அம்மா தலைமாட்டில் இருக்கட்டும்.

வீட்டுப்பாடம் எவ்வளவு?

வகுப்பு எண்ணைப் பத்தால் பெருக்குங்கள், அத்தனை நிமிடம். ஆறாம் வகுப்புக்கு எல்லாப் பாடமும் சேர்த்து ஒரு மணிநேரம். ஏழு ஆசிரியர்களும் தனித்தனியே ஒரு மணிநேரம் கொடுப்பதுதான் வழக்கமான தவறு. ஆசிரியர் அறையில் ஒரு பலகை மாட்டி, கொடுத்ததை எழுதச் செய்தாலே போதும்.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் என்ன செய்ய முடியும்?

நிறைய. 'இன்றைக்கு என்ன படித்தாய்' என்று கேட்டால் 'ஒண்ணுமில்லை' என்றுதான் வரும். 'இன்றைக்கு உன் நோட்டில் ஒரு படத்தைக் காட்டி எனக்குச் சொல்லிக்கொடு' என்று கேளுங்கள். அடுப்படியில் நின்றபடி பத்து நிமிடம் கேட்டால் போதும். அம்மாவுக்குப் புரியும்படி தமிழில் சொல்ல முடிந்தால் பிள்ளைக்குப் பாடம் புரிந்திருக்கிறது.

தேர்வு, உதவித்தொகை பற்றி?

கேரளத்தில் 2024-25 முதல் எட்டாம் வகுப்பில் எழுத்துத் தேர்வில் பாடந்தோறும் 30 சதவீதம் குறைந்தபட்சம் கேட்கிறார்கள். எட்டில் விழித்துக்கொள்வது தாமதம். ஐந்திலிருந்தே விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது மதிப்பெண்ணை மறைத்துவிட்டு, எது ஏன் தப்பு என்ற குறிப்பை மட்டும் கொடுங்கள். தப்பிய கேள்வியைப் பிள்ளை தன் நோட்டில் திருத்தி எழுதட்டும். அதே மாதிரிக் கேள்வியை மறுநாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து மீண்டும் கொடுங்கள்.

எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் உதவித்தொகைத் தேர்வை விட்டுவிடாதீர்கள். தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய். அரசு, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு, குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள். ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் வேண்டும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 50. வருமானச் சான்று, பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு இரண்டையும் ஏழாம் வகுப்பு முடியும்போதே தயாராக வையுங்கள்.

வேலை போய் கம்பத்துக்கோ போடிக்கோ திரும்புகிறோம். பிள்ளையைப் பாதியில் சேர்ப்பார்களா?

எட்டாம் வகுப்பு வரை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானால் அதைக் காட்டி மறுக்கக் கூடாது. கேரள எட்டு ஹைஸ்கூல், அங்கே எட்டு நடுநிலை. கட்டடம் மாறும், வகுப்பு எண் மாறாது.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். இங்கே மலையாளமோ, நகரி பக்கம் தெலுங்கோ முதல் மொழியாகப் படித்துவிட்டு எட்டில் போகும் பிள்ளைக்குப் பேச்சுத் தமிழ் இருக்கும், எழுத்துத் தமிழ் மூன்றாம் வகுப்பு நிலையில் நிற்கும். இரண்டு மாதம் முன்பே தினம் அரைமணி நேரம் தமிழ் எழுதப் பழக்குங்கள்: ஒற்று, ர-ற, ல-ள-ழ. சான்றிதழோடு பிள்ளையின் நோட்டுகளில் இரண்டையும் எடுத்துப் போய்ப் புதிய ஆசிரியரிடம் கொடுங்கள். எங்கே நிற்கிறது என்று மதிப்பெண் பட்டியலைவிட அது அவருக்குச் சீக்கிரம் சொல்லிவிடும்.